இன்பமும் பீடும்: சிலப்பதிகாரத்தில் மணவாழ்வின் மதிப்பும் மகிழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

சிலப்பதிகாரத்தின் கண்ணகி கற்பின் வடிவாகவும் சினத்தின் வடிவாகவும் பெரிதும் பேசப்பட்டுள்ளாள். மணவாழ்வில் தனக்கு உரிய மதிப்பு எது என்று அவள் கொண்டிருந்த கருத்து அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கனாத்திறம் உரைத்த காதையில் தோழி இன்பத்திற்கு வழி சொல்ல, கண்ணகி பீடு என்னும் அளவுகோலைக் கொண்டு அதனை மறுக்கிறாள். இம்மறுப்பை மையமாகக் கொண்டு, மனையறம்படுத்த காதை முதல் கொலைக்களக் காதை வரையிலான பகுதிகளை இக்கட்டுரை ஆராய்கிறது. பாராட்டு வேறு, மதிப்பு வேறு என்பதையும், மதிப்பில்லாத இடத்தில் மகிழ்ச்சி வெறும் தோற்றமாகவே எஞ்சுகிறது என்பதையும் காப்பியத்தின் சொல்லாட்சிகள் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சிலப்பதிகாரம், கண்ணகி, பீடு, சிறுமை, பாராட்டு, மணவாழ்வு, மாதவி

முன்னுரை

மணவாழ்வின் மகிழ்ச்சி எதனைச் சார்ந்தது என்னும் வினாவுக்குத் தமிழ் அற இலக்கியம் தெளிவான விடை ஒன்றை வைத்துள்ளது. இல்லாளின் மாண்பே இல்லறத்தின் மாண்பு என்பது அவ்விடை. திருக்குறளின் வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரம் இக்கருத்தைப் பல கோணங்களில் விளக்குகிறது. அவ்வதிகாரத்தின் 59ஆம் குறளில் பீடு என்னும் சொல் இடம்பெறுகிறது. புகழைப் பேணும் மனைவியைப் பெறாதவனுக்கு, தன்னை இகழ்வார் முன்னே தலைநிமிர்ந்து நடக்கும் பீடு வாய்க்காது என்பது அதன் பொருள். இங்குப் பீடு கணவனுடையது. அதனைக் காக்கும் பொறுப்பு மனைவியினுடையது. அதனை அளப்பவர்கள் ஊரார்.

இதே சொல் சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் வாயில் பிறக்கிறது. அங்கு ஊரார் இல்லை, இகழ்வாரும் இல்லை. தோழியோடு தனித்திருக்கும் மனைவி தன் செயலைத் தானே அளக்கும் சொல்லாக அது மாறுகிறது. கணவனின் நடைக்குரிய பெருமை மனைவியின் தன்மதிப்பாக இடம்பெயர்வதன் பொருள் என்ன என்பதே இக்கட்டுரையின் வினா.

பாராட்டும் பேச்சின்மையும்

மங்கல வாழ்த்துப் பாடல் கண்ணகிக்குப் பன்னிரண்டு வயது என்றும் கோவலனுக்குப் பதினாறு வயது என்றும் கூறுகிறது. மணக்கோலம் காண மகிழ்ந்தவர்களாக அப்பாடல் சுட்டுவது இருவர்தம் பெற்றோரை. மணமக்களின் விருப்பம் அங்குக் கேட்கப்படவில்லை; பதியப்படவும் இல்லை. திருமணம் இரு பெருவணிகக் குடிகளின் நிறைவாகவே தொடங்குகிறது.

இரண்டாம் காதையான மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியை நெடிதாகப் பாராட்டுகிறான். இறைவன் சூடிய பிறை அவள் நெற்றியானது, காமன் வில் புருவமானது என்று தொடங்கும் அப்பேச்சு, பொன், முத்து, நறுமணம், கரும்பு, தேன் என்று பொருள்களின் வரிசையாக விரிகிறது. வணிகன் மகனுக்கு விலைமதிப்புள்ள பொருள்கள் உவமையாக வருவது இயல்பே. எனினும் அக்காதையில் ஒன்று உற்றுநோக்கத்தக்கது. இத்தனை பாராட்டுக்கும் கண்ணகி ஒரு சொல்லும் மறுமொழி கூறவில்லை. கோவலனின் பேச்சை முன்நினைவின்றிக் காதல் மிகுதியால் எழுந்ததாகவே இளங்கோ காட்டுகிறார். அப்பேச்சு அவளை நோக்கியது; அவள் மறுமொழியை எதிர்பார்ப்பதன்று.

இவ்விடத்தில் பாராட்டும் மதிப்பும் பிரிகின்றன. பாராட்டு ஒருவரின் நலத்தைக் கண்டு வியப்பது. மதிப்பு அவரின் சொல்லுக்கும் நிலைக்கும் இடம் தருவது. முன்னதற்கு எதிரில் இருப்பவர் பேச வேண்டிய தேவை இல்லை. பின்னது அவர் பேசாமல் நிறைவேறாது. அடுத்த காதையிலேயே கோவலன் மாதவியின் மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னுக்கு வாங்கி அவள் மனை புகுகிறான். பாராட்டின் உச்சத்தையும் பிரிவையும் இளங்கோ இத்துணை அருகருகே வைத்திருப்பது, அந்தப் பாராட்டு எவ்வளவு மெல்லிய அடித்தளத்தில் நின்றது என்பதைக் காட்டுகிறது.

இன்பத்திற்கு எதிரே பீடு

ஒன்பதாம் காதையான கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி கூறும் தீர்வு இது: காவிரி கடலொடு கலக்கும் துறையருகே சோமகுண்டம், சூரியகுண்டம் என இரு பொய்கைகள் உள்ளன; அவற்றில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுத மகளிர் இம்மையில் கணவரோடு இன்புறுவர்; மறுமையிலும் போகபூமியில் பிறப்பர். தேவந்தி முன்வைப்பது இன்பத்திற்கான வழி. கண்ணகி அதற்கு அளிக்கும் மறுமொழி மிகச் சுருக்கமானது. அது பீடு அன்று என்பதே அதன் பொருள்.

மரபான வாசிப்பு இம்மறுப்பைக் கணவனையன்றிப் பிற தெய்வம் தொழாத கற்பொழுக்கத்தோடு இணைத்துக் காணும். அதற்குத் திருக்குறளின் 55ஆம் குறள் துணைநிற்கும். அவ்வாசிப்பு தவறென்று ஒதுக்கத்தக்கதன்று. எனினும் தெய்வத் தொழுகையை மறுக்க இளங்கோ கற்பைக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்தியிருக்கலாம். பயன்படுத்திய சொல்லோ பெருமையைக் குறிப்பது. எனவே தொழுகை கூடுமா கூடாதா என்பதோடு மறுப்பு முடிந்துவிடவில்லை. தானாக வராத கணவனைச் சடங்கின் ஆற்றலால் வரவழைத்துப் பெறும் இன்பம் தன் நிலைக்குத் தகுமா என்பதும் அம்மறுப்பில் அடங்கியுள்ளது.

தேவந்தியின் சொந்த வாழ்வு இவ்வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. அவளை மணந்த பாசண்டச் சாத்தன் எட்டு ஆண்டுகள் உடன்வாழ்ந்தபின், தன் தெய்வ வடிவைக் காட்டித் தன் கோட்டத்திற்கு வருமாறு கூறி நீங்கியவன். கணவன் தீர்த்தமாடச் சென்றதாகச் சொல்லிக்கொண்டு, அவனை மீட்டுத் தருமாறு கோட்டத்தில் வேண்டி நிற்பவள் தேவந்தி. கணவனின்மையைச் சடங்கால் நிரப்பி வாழ்பவள், அதே வழியைத் தோழிக்கும் பரிந்துரைக்கிறாள். கண்ணகியின் மறுப்பு தோழியின் அன்பை மறுப்பதன்று. அத்தகைய வாழ்வைத் தனக்கு மறுப்பது.

இரண்டு நாணங்கள்

இம்மறுப்பு ஒலித்தவுடன் கோவலன் வாயிலில் தோன்றுகிறான். மாதவியை வஞ்சகி என்று பழித்து, முன்னோர் ஈட்டிய பொருட்குன்றம் தொலைந்த வறுமை தனக்கு நாணம் தருவதாகக் கூறுகிறான். அவன் நாணம் பொருளைப் பற்றியது. மனைவிக்குத் தான் இழைத்தது அவன் பேச்சில் இடம்பெறவில்லை. காப்பியத்தில் கண்ணகி அவனிடம் பேசும் முதற்சொல் இதற்குப் பின்னரே வருகிறது. அவள் முறுவலித்துச் சிலம்பு உள்ளதென்று கூறி அதனைக் கொள்ளுமாறு சொல்கிறாள். அவன் பொருளைப் பேசினான். அவளும் பொருளையே மறுமொழியாகத் தந்தாள்.

பதினாறாம் காதையான கொலைக்களக் காதையில் இக்காட்சி மாறுகிறது. மாதரியின் இடைக்குல மனையில் கண்ணகி தானே சமைத்து, பனையோலைத் தவிசிட்டுக் கணவனுக்கு உணவு படைக்கிறாள். உண்டபின் கோவலன் பேசும் பேச்சில் பொருளிழப்பு முதன்மை பெறவில்லை. தீயோர் கூட்டத்தில் திரிந்ததையும், பெற்றோர் ஏவலைப் பிழைத்ததையும், இளமையிலேயே முதிர்ந்த அறிவுடைய மனைவிக்குச் சிறுமை செய்ததையும் அவன் வரிசைப்படுத்துகிறான். சிறுமை என்னும் சொல் இங்குப் பெருமதிப்புடையது. அது பீட்டின் நேர் எதிர்ச்சொல். ஒன்பதாம் காதையில் கண்ணகி எந்த அளவுகோலை உயர்த்தினாளோ, பதினாறாம் காதையில் கோவலன் தன் குற்றத்தை அதே அளவுகோலால் அளக்கிறான். அவன் கற்றுக்கொண்டது இதுவே. மேலும், தான் அழைத்தவுடன் எழுந்து வந்த செயலுக்குக் காரணம் என்னவென்று அவளைக் கேட்கவும் செய்கிறான். பாராட்டியவன் கேட்கத் தொடங்குகிறான்.

ஒளிக்கப்பட்ட நோய்

கேட்கப்பட்டதால் கண்ணகி பேசுகிறாள். அப்பேச்சு மூன்று செய்திகளைக் கொண்டது. முதலாவது, தான் இழந்தவற்றின் பட்டியல். அறவோர்க்கு அளித்தல், அந்தணரைப் பேணுதல், துறவோரை எதிர்கொள்ளல், விருந்தினரை வரவேற்றல் ஆகிய கடமைகளை இழந்ததாக அவள் கூறுகிறாள். உடலின்பத்தை இழந்ததாகக் கூறவில்லை. கோவலனின் தாய் தனிமனை அமைத்துத் தந்தபோது எதிர்பார்த்த அறங்களே இவை. பிரிவு கண்ணகியிடமிருந்து பறித்தது இல்லத்தலைவி என்னும் நிலையை.

இரண்டாவது, மாமனும் மாமியும் அன்போடு பாராட்டியபோது தான் காட்டிய மெய்யில்லா முறுவல். உள்ளே ஒளித்த நோயை அம்முறுவலே வெளிப்படுத்தியதால் அவர்கள் வருந்தினர் என்கிறாள். இங்கும் பாராட்டு வருகிறது. இங்கும் அது மகிழ்ச்சியைத் தரவில்லை. கனாத்திறக் காதையில் கோவலன் கண்ட முறுவலையும் வாசகர் இப்போது ஐயத்தோடு திரும்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

மூன்றாவது, போற்றத்தகாத ஒழுக்கத்தை அவன் மேற்கொண்டான் என்னும் நேரடிக் கூற்று. மரியாதைப் பன்மை குறையாமல் சொல்லப்படும் இக்கண்டனம், மணவாழ்வில் அவள் சொல்லும் முதல் குற்றச்சாட்டு. அவன் அதனை மறுக்கவில்லை. சுற்றத்தையும் துணையையும் விட்டுத் தன்னோடு வந்து தன் துயர் களைந்தவள் என்று ஏற்றுப் போற்றுகிறான். மனையறம்படுத்த காதையின் பாராட்டையும் இதனையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். முன்னது உறுப்புகளையும் உவமைகளையும் பேசியது; பின்னது அவள் செயலைப் பேசுகிறது.

இதே காதையில் பாண்டிமாதேவியின் ஊடலும் இடம்பெறுவது தற்செயலன்று. கூத்தியரின் ஆடலும் பாடலும் அரசன் உள்ளத்தைக் கவர்ந்தன என்று வருந்திய தேவி, அவ்வூடலை மறைத்துத் தலைநோய் என்று கூறி அவையை விட்டு நீங்குகிறாள். அவளைத் தணிக்க விரைந்த அரசன், வாயிலில் பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் ஆணையிடுகிறான். கண்ணகி அகத்தில் ஒளித்த நோயைக் குறிக்கவும், தேவி மறைத்த ஊடலைக் குறிக்கவும் இளங்கோ ஒளித்தல் என்னும் ஒரே வினையை ஆள்கிறார். ஒருத்தி முறுவலால் மறைத்தாள்; மற்றொருத்தி தலைநோயால் மறைத்தாள். வணிகன் மனையிலும் அரசன் மனையிலும் மனைவியின் வருத்தம் நேராகச் சொல்லப்படும் நிலை இல்லை. அரசன் மனையில் சொல்லப்படாத வருத்தம் ஓர் உயிரையும் ஒரு நகரையும் விலையாகக் கொண்டது.

மாதவிக்குச் சேராத மறுமொழி

மதிப்பின் எல்லையைக் காட்டும் பாத்திரம் மாதவி. கானல்வரியில் பாட்டின் பொருளை ஐயுற்றுப் பிரிந்த கோவலன், அவள் அனுப்பிய முதல் திருமுகத்தை ஏற்கவில்லை. அவள் அன்பு முழுவதையும் ஆடல்மகளின் நடிப்பு என்கிறான். பிறப்பு அவளுக்கு நம்பகத்தன்மையை மறுக்கிறது. புறஞ்சேரியிறுத்த காதையில் கோசிகன் கொணர்ந்த இரண்டாம் திருமுகத்தைக் கண்டபின், குற்றம் அவளுடையதன்று, தன்னுடையதே என்று உணர்கிறான். ஆயினும் அவளுக்கு மறுமொழி எழுதவில்லை. அவ்வோலையின் சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் சொல்ல வேண்டியவற்றுக்கும் பொருந்துவதால், அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் கூறுகிறான். மாதவியின் சொற்கள் மதிப்புப் பெற்றன, மாதவி பெறவில்லை. கண்ணகியிடம் நேரில் சொன்ன ஒப்புதல், மணவுறவுக்கு வெளியே நின்றவளுக்குக் கிட்டவில்லை.

கண்ணகியின் பீட்டுக்கும் இத்தகைய எல்லை உண்டு. விருந்தோம்பும் உரிமையைக் கணவனின்மையால் இழந்ததாகவே அவள் கூறுகிறாள். கணவன் சொல்லை மாற்றாத உள்ளத்தோடு வாழ்ந்ததாலேயே எழுந்து வந்ததாகவும் சொல்கிறாள். அவளது தன்மதிப்பு மணவாழ்வின் கட்டமைப்புக்கு உள்ளே நின்று பேசுவது; அதனைக் கடந்து பேசுவதன்று. இதனை மறைத்து அவளை இக்கால உரிமைக்குரலாக மாற்றுவது காப்பியத்திற்கு நேர்மை செய்வதாகாது.

முடிவுரை

சிலப்பதிகாரம் கண்ணகி கோவலன் மணவாழ்வில் இரண்டு மகிழ்ச்சிகளைக் காட்டுகிறது. முதலாவது புகாரின் மாடத்தில் செல்வமும் பாராட்டும் நிறைந்திருந்தது. சில ஆண்டுகள் நீடித்தது. கண்ணகி அதில் பேசவில்லை. இரண்டாவது மதுரைப் புறத்து இடைக்குல மனையில் ஓலைத் தவிசின் அருகே நிகழ்ந்தது. ஒரு வேளை உணவின் அளவே நீடித்தது. அதில் கணவன் கேட்டான், மனைவி சொன்னாள், அவன் ஏற்றான். இவற்றுள் முதலாவதைக் காப்பியம் தானே பின்னர்க் கேள்விக்குள்ளாக்குகிறது. இரண்டாவதை அவ்வாறு செய்யவில்லை. மகிழ்ச்சி மதிப்பைத் தொடர்ந்து வருவது என்பதும், மதிப்பின் முதல் அடையாளம் மற்றவர் வருத்தத்தைச் சொல்ல இடம் தருவது என்பதும் இதிலிருந்து பெறப்படும் கருத்துகள்.

1968இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலை, கையில் சிலம்போடு நீதி கேட்கும் கண்ணகியைப் பொதுநினைவில் நிலைநிறுத்தியது. பாடநூல்களும் மேடைகளும் பொறுமை காத்த கற்பரசியை நிலைநிறுத்தின. பொறுமையே மணவாழ்வின் மகிழ்ச்சிக்கு வழி என்று கண்ணகியைச் சான்றுகாட்டி மணமகளிர்க்கு அறிவுரை கூறுவோர், அப்பொறுமை தன் முறுவலைப் பொய்யாக்கியது என்று அவளே சொன்னதைக் கேளாமல் விடுகின்றனர். பாண்டியன் அவையில் தன் ஊரையும் பெயரையும் சொல்லி வழக்குரைத்த குரல் திடீரென்று பிறந்ததன்று. அதற்கு முன்னரே அது ஆயர்சேரியில், தன்னிடம் காரணம் கேட்ட கணவன் முன் ஒருமுறை ஒலித்திருக்கிறது. கண்ணகியைப் பற்றிய ஆய்வுகளிலும் வகுப்பறைகளிலும் அந்தப் பேச்சு உரிய இடம் பெறவேண்டும்.