மறைந்து எய்த அம்பு

மட்டாஞ்சேரி அரண்மனைப் பள்ளியறைச் சுவர்களில் இராமாயணம் ஓவியமாக விரிந்து கிடக்கிறது. அங்கே நம் சங்கத்து அன்பர் ஒருவர் கேட்டார்: "வாலியை ஒளிஞ்சு நின்னு அடிச்சது சரிதானாங்க?"

பழைய கேள்விதான். ஆனால் 2024 செப்டம்பரில் லெபனானில் பேஜர்கள் வெடித்த பிறகு அதைப் பழசு என்று தள்ள முடியவில்லை.

இன்றைய போர்ச்சட்டம் மறைவையே குற்றம் என்பதில்லை. பதுங்கித் தாக்குவது தந்திரம். சட்டக் காவல் உண்டென்று நம்பவைத்துக் கொல்வது வஞ்சகம். 1977 ஜெனீவாக் கூடுதல் நெறிமுறை வகுத்த வேறுபாடு இது. தீங்கற்ற கைப்பொருள்போல் செய்த வெடிப்பொறிகளை 1996 நெறிமுறை தனியே தடுக்கிறது.

கம்பனின் வாலியோ, உடன்பிறந்தார் சண்டையில் இராமன் தலையிடான் என்று தாரையிடம் சொல்லிவிட்டு வந்தவன். அந்த நம்பிக்கையை இராமன் ஊட்டவில்லை. ஆகவே சட்டப்படி வஞ்சகம் ஆகாது. அறத்தின் கணக்கு வேறு.

வால்மீகியில் இராமனே, விலங்கை மறைந்து வேட்டையாடலாம் என்று விடை சொல்கிறான். கம்பனிலோ மற்றக் குற்றச்சாட்டுகளுக்கெல்லாம் வாதாடுகிற இராமன், 'ஏன் மறைந்தாய்' என்பதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை, இலக்குவன் பேசுகிறான். இதைச் சமாளிப்பு என்பார் உண்டு. எனக்கு அது கவிஞனின் நேர்மையாகவே படுகிறது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அந்த அம்பில் பெயர் இருந்தது. வாலி பறித்துப் படித்தான். எய்தவனும் எதிரே வந்து நின்றான். பேஜர் தாக்குதலையோ இஸ்ரேல் பிரதமர் ஒப்புக்கொள்ளவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது.

ஒளிஞ்சு நின்னதை விட, அடிச்சபின் ஒளிவதுதான் பெரிய பிழை.