மன்னர் வகுத்த வழி: அரண்மனை காண் பயணமும் அதுபற்றிய எழுத்தும்

தமிழிலே பயண இலக்கியம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தகவற் பயனையும் நடைச் சுவையையுமே மதிப்பிட்டு வந்துள்ளனர். பயணி எவற்றைக் கண்டான் என்ற வினாவுக்கு அளிக்கப்பட்ட முக்கியத்துவம், அவன் யாருடைய கண்கொண்டு கண்டான் என்ற வினாவுக்கு அளிக்கப்படவில்லை. இவ்விரண்டாவது வினாவை எழுப்புதற்கு அரண்மனையினும் பொருத்தமான இடம் அரிது. ஆட்சியின் பெருமையைப் பிறர் காணவேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்ட கட்டடம் அரண்மனை. எங்கு நின்று காணவேண்டும், எவை கண்ணிற் படலாகாது என்பவற்றையும் அது தன் அமைப்பினாலேயே விதித்துவிடுகின்றது. இவ்விதிக்குப் பயண எழுத்தாளர் எவ்வளவு தூரம் உட்பட்டு நிற்கின்றனர் என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம்.

அரண்மனை பற்றிய பயண எழுத்தை இரு வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது வியப்புரை. அறைகளின் தொகை, தூண்களின் உயரம், பொற்பூச்சின் பரப்பு, அரசியின் கட்டில் என்பன அங்கு அடுக்கப்படும். இரண்டாவது கண்டனவுரை. மக்களின் வியர்வையாலும் குருதியாலும் எழுந்த மாளிகை இது என்ற ஒரு வாக்கியத்தோடு அது முடிந்துவிடும். ஒன்று மன்னர் புகழ் பாடுவது, மற்றையது மன்னரைப் பழிப்பது. நோக்கிலே முரண்பட்ட இவ்விரண்டும் ஒரு குறைபாட்டிற் பொதுமை உடையன. எந்த அரண்மனைக்கும் பொருந்தக்கூடிய சொற்களையே இரண்டும் கையாளுகின்றன. குறித்த ஓர் அரண்மனை குறித்த ஒரு சமூகத்தில் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு இயங்கியது என்பது இரண்டிலும் தெளிவாவதில்லை.

வியப்புரையின் வேர் நமது மரபிலே மிக ஆழமானது. புரவலனிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியிடை எதிர்ப்பட்ட வறிய கலைஞன் ஒருவனை அப்புரவலன்பாற் செலுத்துவதே ஆற்றுப்படையின் பொருள். செல்லும் வழி, நாட்டு வளம், அரண்மனை வாயில், மன்னன் அளிக்கும் உணவும் உடையும் ஆகிய யாவும் அதில் விரிவாகக் கூறப்படும். அரண்மனைக்கு வழிகாட்டும் எழுத்தின் தொன்மையான தமிழ் வடிவம் இதுவே எனலாம். ஆனால் அங்கு புகழ்ச்சிக்கு ஒரு பொருளாதார அடிப்படை இருந்தது. பாடுவோனின் வயிறு பாடப்பட்டோனின் கொடையில் தங்கியிருந்தது. இன்றைய பயணி பரிசில் பெறச் செல்பவனல்லன். நுழைவுச்சீட்டுக்குப் பணம் செலுத்தி உட்செல்பவன். கொடுப்போன் பெறுவோன் என்ற உறவு முற்றாகத் தலைகீழாக மாறியபின்னரும் பாணனின் மொழி மாத்திரம் மாறாது எஞ்சியிருப்பது ஏன்? விடை காண்பதற்கு வேர்சாய் அரண்மனையை உதாரணமாகக் கொள்வோம்.

13ஆம் லூயி 1623ஆம் ஆண்டிற் கட்டுவித்த வேட்டை மாளிகையைச் சுற்றி விரிந்து வளர்ந்ததே வேர்சாய். 14ஆம் லூயி 1682ஆம் ஆண்டிலே தன் அரசவையையும் ஆட்சியையும் அங்கு மாற்றினான். அதன் பின்னர் அம்மன்னன் செய்த ஒரு காரியம் நமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. வேர்சாயின் பூங்காவை விருந்தினருக்கு எவ்வாறு காட்டவேண்டும் என்பதுபற்றி 1689 முதலாகப் பல தடவை திருத்தித் திருத்தி ஒரு வழிகாட்டி நூலை அவன் தானே ஆக்கினான். எவ்வாயிலால் வெளியேறவேண்டும், எப்படிக்கட்டின் உச்சியில் நிற்கவேண்டும், எத்திசை திரும்பி எதனை நோக்கவேண்டும் என்பன அதில் ஒழுங்குமுறையாக விதிக்கப்பட்டுள்ளன. பார்வையாளனின் கால்களையும் கண்களையும் ஆளுதல், ஆட்சியின் ஒரு கூறாகவே அவனுக்குத் தோன்றியிருக்கின்றது. உச்சிப் படிக்கட்டிலே நின்று கால்வாய்வரை ஒரே நேர்கோட்டிற் செல்லும் காட்சியைக் கண்டு மெய்ம்மறக்கும் இன்றைய பயணியும் மன்னன் நிற்கச் சொன்ன இடத்திலேயே நிற்கிறான். அங்கு தோன்றும் வியப்பைத் தன் சொந்த அனுபவமாகவே எழுதுகிறான். கருத்துநிலை இயங்கும் முறை இதுவே.

அந்த நேர்கோட்டிலிருந்து சற்று விலகி நின்றால் வேறு காட்சிகள் புலப்படும். வேர்சாயின் நீரூற்றுகளைப் பாடாத பயண நூல் இல்லை. ஆனால் வேர்சாய் போதிய நீர்வளமற்ற இடம். ஊற்றுகள் யாவும் ஒருங்கே இயங்குதற்கு வேண்டிய நீர் அங்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. மன்னன் அணுகும்போது ஊற்றுக் காவலர் சீழ்க்கையொலியால் ஒருவருக்கொருவர் குறிப்புணர்த்தி அவ்வவ்விடத்து நீரைத் திறந்தும், அவன் கடந்ததும் அடைத்தும் வந்தனர். பெருகி ஓடுவதாக மன்னனுக்குத் தோன்றிய நீர், தொழிலாளரின் ஓயாத விழிப்பினால் நிகழ்ந்த தோற்றமே. இக்குறையை நீக்குதற்காகச் சேன் ஆற்றிலே 14 பெருஞ் சக்கரங்களைக் கொண்ட மார்லி இயந்திரம் அமைக்கப்பட்டு 1684ஆம் ஆண்டில் இயக்கிவைக்கப்பட்டது. ஆற்று நீரை 150 மீற்றருக்கு மேல் உயர்த்திய அவ்வியந்திரத்தை ஆக்கியவர் லியேஜ் பகுதியைச் சேர்ந்த ரென்னகன் சுவாலம் என்னும் தச்சர். சுரங்கங்களிலிருந்து நீர் இறைப்பதற்கு அப்பகுதித் தொழிலாளர் கையாண்ட நுட்பமே அதற்கு மூலம். அதுவும் போதாதென யூர் ஆற்றைத் திருப்பும் வேலை 1685ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர், பெரும்பாலும் படைவீரர், அதில் ஈடுபடுத்தப்பட்டனர். காய்ச்சலினாற் பலர் மாண்டனர். 1688இல் மூண்ட போரினால் வேலை கைவிடப்பட்டது. மந்தனோன் என்னும் ஊரிலே முற்றுப்பெறாத நீர்ப்பாலத்தின் வளைவுகள் இன்றும் நிற்கின்றன. வேர்சாயைக் காணச் செல்வோர் அவற்றையும் காணின், பூங்காவில் எழும் நீரின் விலையை உணர்வர்.

அரண்மனையை வெறும் ஆடம்பரமாகக் கொள்வதும் போதாது. நோர்பேட் எலியாஸ் 1969ஆம் ஆண்டில் வெளியிட்ட அரசவைச் சமூகம் பற்றிய ஆய்வு, இவ்வகையிற் பயனுள்ளது. மன்னன் துயிலெழுதல், உடையணிதல், உண்ணுதல் ஆகிய அன்றாடச் செயல்களெல்லாம் சடங்குகளாக்கப்பட்டு, அவற்றிலே பங்குபெறும் உரிமைக்காக உயர்குடியினர் ஒருவரோடொருவர் போட்டியிடும் நிலை உருவாக்கப்பட்டதை அவர் விளக்குகிறார். தத்தம் நிலப்பகுதிகளில் ஆற்றலோடு விளங்கிய நிலமானியப் பிரபுக்கள் அரசவையிலே மன்னன் தயவை எதிர்பார்ப்போராக மாறினர். மன்னனின் படுக்கையறையைக் கண்டு அதன் திரைச்சீலையை வருணிக்கும் பயணி, அவ்வறை ஓர் ஆட்சிக் கருவியாக இயங்கியது என்பதை அறியாதே திரும்புகின்றான்.

இனிக் கண்டனவுரையை நோக்குவோம். முற்போக்கு எழுத்தாளரிடையே இது பயின்றுவருவதாதலின், இதனை மேலும் கண்டிப்புடன் நோக்குதல் நமது கடமையாகும். உழைப்போரின் குருதியிற் கட்டப்பட்டது என்ற கூற்று பொய்யன்று. ஆயினும் அது ஆய்வின் தொடக்கமேயன்றி முடிவாகாது. எத்தகைய உற்பத்தி உறவுகளின் கீழ் அவ்வுழைப்புப் பெறப்பட்டது என்பதே வினா. வேர்சாயின் கட்டட வேலைக் கணக்கேடுகள் இன்றும் உள்ளன. கூலி பெற்றோர் விபரங்களோடு, வேலையிற் காயமுற்றோருக்கும் இறந்தோரின் மனைவியருக்கும் வழங்கப்பட்ட சிறு தொகைகளும் அவற்றிலே பதியப்பட்டுள்ளன. உயிரிழப்பும் பணக் கணக்காகிவிட்ட ஒரு சமூகத்தை அங்கு காண்கிறோம்.

பீஜிங்கிலுள்ள ‘விலக்கப்பட்ட நகர்’ 1406 முதல் 1420 வரையில் மிங் வம்சத்து யொங்லெ பேரரசனாற் கட்டுவிக்கப்பட்டது. அக்காலச் சீனாவிற் கைவினைஞர் பரம்பரை பரம்பரையாக அரசின் பதிவேட்டில் இடம்பெற்று, முறைவைத்து அரச சேவை புரியக் கடப்பாடுடையோராயிருந்தனர். அவர்களது உழைப்பிலே கட்டாயம் மட்டுமன்றி அறிவும் இருந்தது. 1557ஆம் ஆண்டிலே 100 தொன்னுக்கும் அதிகமான எடைகொண்ட பாறையொன்று, மாரிகாலத்தில் உறைந்த பனிக்கட்டிப் பாதையின் வழியே, ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரத்தை 28 நாள்களிற் கடந்து அரண்மனைக்குக் கொணரப்பட்டது. பனிக்கட்டியின்மீது நீரூற்றி இழுத்தால் வேண்டிய ஆட்களின் தொகை பன்மடங்கு குறையும் என்பதை 2013இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டுக் காட்டியது. இதனைக் கண்டறிந்தவர்கள் வேலையிலே பழகிய தொழிலாளர்கள். அவர்களை வெறும் பலியாட்களாக மாத்திரம் சித்திரிக்கும் கண்டனவுரை, மன்னரைப் பழிக்கும் ஆர்வத்தில் மக்களின் ஆக்கத்திறனையும் மறுத்துவிடுகிறது.

உருசியாவின் குளிர்கால அரண்மனை 1837ஆம் ஆண்டிறுதியில் எரியுண்டபோது, அதனை மிகக் குறுகிய காலத்திற் புதுப்பிக்குமாறு சார் மன்னன் முதலாம் நிக்கலஸ் கட்டளையிட்டான். 1839ஆம் ஆண்டு அங்கு சென்ற பிரெஞ்சுப் பிரபு கியூஸ்தீன், தாம் கேட்டறிந்தவற்றை எழுதியுள்ளார். வெளியே கடுங்குளிர் நிலவ, சுவர்கள் விரைந்து உலர்தற்பொருட்டு உள்ளே கடும் வெப்பம் மூட்டப்பட்ட மண்டபங்களில் வேலைசெய்தோர் நாள்தோறும் மடிந்தனர் என்றும், அவர்களுடைய இடத்துக்கு உடனுக்குடன் வேறு ஆட்கள் கொணரப்பட்டனர் என்றும் அவர் கூறுகிறார். 1861 வரை நீடித்த பண்ணையடிமை முறையின் இயல்பு இச்செய்தியில் வெளிப்படுகின்றது. கியூஸ்தீன் முற்போக்காளரல்லர், முடியாட்சிக்கு ஆதரவான வாதங்களைத் தேடியே உருசியா சென்றவர். எனினும், மண்டபத்தின் அழகோடு நின்றுவிடாது அது எவ்வாறு அத்துணை விரைவில் முடிந்தது என்று அவர் வினவினார். அவ்வினா அவரது சொந்த வர்க்கச் சார்பையும் மீறி உண்மையை அவருக்கு உணர்த்தியது. பயண எழுத்தின் ஆற்றல் இத்தகைய வினாக்களிலேயே தங்கியுள்ளது.

அரண்மனை நூதனசாலையாக மாறியபின் அது நடுநிலை எய்திவிட்டதென்று கருதுவதும் தவறாகும். முடியாட்சி வீழ்ந்த நாளின் ஓராண்டு நிறைவிலே, 1793 ஆகத்து 10ஆம் திகதி, பாரிசின் லூவர் அரண்மனை மக்களின் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. குளிர்கால அரண்மனை 1917ஆம் ஆண்டுப் புரட்சியின் சில நாள்களுள் அரச நூதனசாலையெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இறுதிப் பேரரசன் பூயி வெளியேற்றப்பட்ட மறு ஆண்டு, 1925 ஒக்ரோபர் 10ஆம் திகதி, விலக்கப்பட்ட நகரின் வாயில்கள் பொதுமக்களுக்குத் திறந்தன. இவை மக்களது போராட்டங்கள் ஈட்டிய உரிமைகள். வேர்சாயின் கதை வேறு. அதனை 1837இல் நூதனசாலையாக்கியவன் லூயி பிலிப் என்னும் மன்னன். பிரான்சின் எல்லாப் புகழ்களுக்கும் உரிய இடமாக அதனை அறிவித்து, முரண்பட்ட வரலாறுகளையெல்லாம் ஒரே ஓவியக்கூடத்தில் இணக்கிவைக்க அவன் முயன்றான். 1789 ஒக்ரோபரிலே பாண் கேட்டுப் பாரிசிலிருந்து நடந்துவந்த பெண்கள் அரச குடும்பத்தைத் தம்மோடு அழைத்துச் சென்ற வரலாற்றைப் பயண நூல்கள் ஒருவாறு கூறுகின்றன. 1871ஆம் ஆண்டிலே பாரிஸ் கொம்யூனை அடக்கிய அரசு வேர்சாயிலிருந்தே இயங்கியது என்பதையும், சிறைப்பட்ட கொம்யூன் மக்கள் அரண்மனையின் தோடைமரக் கூடத்தில் அடைத்துவைக்கப்பட்டனர் என்பதையும் அவற்றுட் காண்பது அரிது.

இவ்விடத்தில் முற்போக்காளர் வளர்த்த கற்பனையையும் குறிப்பிடல் வேண்டும். குளிர்கால அரண்மனையின் பெருவாயிலை மக்கள் வெள்ளம் உடைத்துப் பாயும் காட்சி, 1928இல் வெளியான ஐசன்ஸ்டைனின் ‘ஒக்ரோபர்’ திரைப்படம் நமக்களித்தது. உண்மையில் நிகழ்ந்தது அத்துணைப் பிரமாண்டமானதன்று. இடைக்கால அரசின் அமைச்சர்கள் கைதான சிறு உணவறையின் கடிகாரம் அதிகாலை 2 மணி 10 நிமிடத்திலே நிறுத்தப்பட்டிருந்தது. 2017இல், நூற்றாண்டு நிறைவின்போது, அது மீண்டும் இயக்கிவிடப்பட்டது. கடிகாரத்தை நிறுத்தியதும் இயக்கியதும் வரலாற்றுக்குப் பொருள்கூறும் செயல்களே. அறையில் வைக்கப்பட்டுள்ள எப்பொருளையும் யார், எப்பொழுது, எதற்காக வைத்தனர் என்று வினவாத பயணி, ஒரு கதையை விடுத்து மற்றொரு கதையை ஏற்பவனாகவே இருப்பான்.

அரண்மனையில் இல்லாதவையும் ஆய்வுக்குரியன. கண்டி அரண்மனையைக் காண்போர் அங்கு சிம்மாசனத்தைக் காணார். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த அச்சிம்மாசனம், 1815இன் பின் ஆங்கிலேயராற் கொண்டுசெல்லப்பட்டு வின்ட்சர்க் கோட்டையில் இருந்தது. 1934இல் மீண்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. ஏகாதிபத்திய அரண்மனைகளின் செல்வத்தை வருணிப்போர் அதன் ஒரு பகுதி எவ்வெவ்விடங்களை வெறுமையாக்கிச் சேர்ந்தது என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்கள்.

கடந்த நான்கு தசாப்தங்களில் ஈழத்தமிழர் பலர் பாரிசையும் அதன் புறநகர்களையும் தம் வாழிடமாக்கியுள்ளனர். ஊரிலிருந்து வரும் உறவினரை வேர்சாய்க்கு அழைத்துச் செல்வது அவர்களிடையே வழக்கம். அவர்களுட் பலர் உணவகங்களின் சமையலறைகளில் உழைத்தவர்கள். அரண்மனைக்கு அருகே, தெருவுக்கு அப்பால், 1684இல் முடிவுற்ற ‘பெரும் பொதுமனை’ என்ற கட்டடம் உள்ளது. அரசவைக்கான சமையலறைகளும் பணியாளர் உறைவிடங்களும் அங்கேதான் இருந்தன. உணவு அங்கிருந்து தெருவைக் கடந்து ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. பயணிகளின் வழமையான பாதை அதனூடாகச் செல்வதில்லை. சமையலறையின் வெப்பத்தையும் வேலை நேரத்தின் நீட்சியையும் தம் உடலால் அறிந்த ஒருவர் வேர்சாய் பற்றி எழுத நேரின், கண்ணாடி மண்டபத்தின் 357 கண்ணாடிகளை எண்ணியபின் அவற்றைத் துடைத்தோர் எத்தனை பேர் என்றும் வினவுவார் என எதிர்பார்ப்பதிலே தவறில்லை. பரிசில் நாடாத, நாட வேண்டிய தேவையுமற்ற அத்தகைய பயண எழுத்து தமிழில் வளர்வதற்கான சமூக அடிப்படை இன்று தோன்றியுள்ளது. அதனை இனங்கண்டு ஊக்குவிப்பது திறனாய்வாளரின் பொறுப்பாகும்.