கண் இருக்கும் இடத்தில் குறி

வாசகர்களே, மின்சுற்றில் அம்மீட்டரை இணைத்துவிட்டு, அதை மேசைக்கு அடியில் யாரேனும் மறைத்து வைப்பதுண்டா?

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்ட 'விம்' என்னும் கணிப்பொறி எடிட்டரில் விசைகளுக்கு வெவ்வேறு நிலைகள் உண்டு. எழுதும் நிலையில் 'டி' விசையை இருமுறை தட்டினால் இரண்டு எழுத்துகள் தோன்றும். கட்டளை நிலையிலோ ஒரு வரியே அழிந்துவிடும்!

ஆகவே, இதன் வரைகலை வடிவமான 'ஜிவிம்', நிலையை மௌஸ் சுட்டியின் உருவத்தாலும் அறிவிக்கிறது. கட்டளைக்கு அம்பு, எழுதுவதற்கு மெல்லிய செங்குத்துக் கோடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால், இயல்பான அமைப்பில், நாம் தட்டத் தொடங்கியதும் சுட்டி மறைந்துவிடுகிறது. மௌஸை அசைத்தால்தான் மீண்டும் தோன்றும். எழுத்துகளை அது மறைக்காதிருக்கவே இவ்வாறு செய்தனர் எனலாம். எனினும், தேவையான வேளையில் குறி இல்லையே!

அப்பொழுது நமக்குக் கைகொடுப்பது, எழுத்து விழும் இடத்தில் நிற்கும் மற்றொரு குறியே. கட்டளை நிலையில் அது கட்டம். எழுதும் நிலையில் கோடு.

மாறாக, மேலும் கீழுமாகப் பிரித்த திரையின் நடுப்பட்டைமீது சுட்டியைக் கொண்டுசெல்லுங்கள். அது இருபுறமும் நோக்கும் அம்பாகிறது. பட்டையை இழுக்கலாம் என்பது உடனே விளங்குகிறது. அங்கே நம் கண் சுட்டியின்மேல் இருக்கிறதன்றோ?

உருவம் மாறினால் மட்டும் போதாது. கண் பார்க்கும் இடத்தில், பார்க்கும் வேளையில் மாற வேண்டும்.