முதுகு ஊசியும் வீண்பழியும்

“முதுகுத் தண்டுல நீர் எடுத்தா காலு வராமப் போயிரும்.” ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையோடு ஓமலூரிலிருந்து சேலத்துக்கோ அடையாறுக்கோ கிளம்பும் பெற்றோரின் காதில் யாராவது இதைப் போட்டுவிடுகிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சிகிச்சையின் நடுவே சில பிள்ளைகள் பாதம் தொய்ந்து, கால்விரல் தரையில் இடற நடப்பார்கள். பெரும்பாலும் அது ரத்தக்குழாய் வழியே ஏற்றும் வின்கிரிஸ்டின் மருந்தின் வேலை. பலருக்கு மெல்ல மெல்லச் சரியாகிவிடும். பழி மட்டும் முதுகு ஊசிக்கு.

ரத்தத்தில் ஏற்றும் மருந்துகள் பல, புற்றணுக்கள் பதுங்கக்கூடிய மூளைக்குப் போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் பிள்ளையை ஒருக்களித்துச் சுருட்டிப் படுக்கவைத்து, மஞ்சள் நிற மெத்தோட்ரெக்சேட்டைக் கீழ்முதுகு வழியே செலுத்துகிறார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசி இறங்குகிறது. இந்த ஊசியும் வீரியமான மருந்துகளும் சேர்ந்ததால், அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனை 2000 முதல் 2007 வரை 498 பிள்ளைகளுக்குத் தலையில் முன்தடுப்புக் கதிர்வீச்சே தராமல் சிகிச்சை செய்தது. படிப்பையும் வளர்த்தியையும் பாதிக்கும் கதிர்வீச்சு தவிர்ந்தது சிறிய லாபமல்ல.

ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்தால் தண்டில் ரத்தம் கட்டுமா? அதே மருத்துவமனை 2000-ல் வெளியிட்ட ஆய்வில் 956 பிள்ளைகளுக்கு 5,223 முறை ஊசி இறங்கியது. 941 முறை பிளேட்லெட் 50,000-ஐத் தாண்டவில்லை. பெரிய கேடு ஒன்றுகூட இல்லை. ஆனால் அது கை பழகியவர்கள் நிறைந்த இடம். அனுபவம் குறைந்த கையில் ஊசி ரத்தக்குழாயைக் கீறும் வாய்ப்பு கூடும். நோய் முற்றியிருக்கும் முதல் ஊசியிலேயே அப்படி நேர்ந்தால், ரத்தத்தோடு புற்றணுக்களும் தண்டுவட நீரில் கலந்து குணமாகும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும். மெத்தோட்ரெக்சேட்டாலேயே கை கால் தற்காலிகமாகத் தளர்வதும் அபூர்வமாக உண்டு. ஊசிக்குப் பின் வரும் தலைவலியோ, நுனி கூர்மழுங்கிய ஊசியால் பெரிதும் குறையும்.

உண்மையான ஆபத்து அருகிலேயே இருக்கிறது. ஒரே நாளில் முதுகுக்கு மெத்தோட்ரெக்சேட், ரத்தக்குழாய்க்கு வின்கிரிஸ்டின். கைமாறி வின்கிரிஸ்டின் முதுகில் ஏறினால் பிள்ளை பிழைப்பது மிக அரிது. அதை சிரிஞ்சில் எடுக்காதீர்கள், சிறிய சலைன் பையில் கலந்து ஏற்றுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே எச்சரித்தது. பையை யாரும் முதுகு ஊசியில் மாட்ட மாட்டார்கள். செலவு ஒரு பைதான்.

ஆகவே ஊசி வேண்டாம் என்று திரும்பிவிடாதீர்கள். முதல் ஊசியை யார் போடுகிறார், இன்று பிளேட்லெட் எவ்வளவு, வின்கிரிஸ்டின் பையில் இருக்கிறதா சிரிஞ்சில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை.