மத்னும் ஓரக்குறிப்பும்: அரபு நூலாக்கத்தில் டெக் மென்பொருள் – ஒரு மதிப்பீடு

கையெழுத்துப் பிரதிகளின் காலத்தில், படியெடுத்து முடித்ததும் நூல் முடிந்துவிட்டதாக நம் முன்னோர் கருதியதில்லை. படியை மூலத்தோடு வைத்து வரிக்கு வரி ஒப்புநோக்கும் ‘முகாபலா’ நிறைவேறிய பின்னரே அது நம்பத்தக்க நூலாயிற்று. ஒரு புள்ளி இடம் மாறினால் சொல் மாறும். சொல் மாறினால் சட்டமே மாறக்கூடும். ‘தஸ்ஹீஃப்’ எனப்படும் இப்பிழைகளுக்கென்றே ஹிஜ்ரி 382இல் மறைந்த அபூ அஹ்மத் அல்அஸ்கரீ போன்றோர் தனி நூல்கள் இயற்றினர். கணினி வந்தபின் இப்பிழை ஒழிந்துவிடும் என்று நாம் எண்ணினோம். அது ஒழியவில்லை, வேறு உருவில் திரும்பி வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்காக ஒரு நஹ்வுக் கைந்நூலை வழக்கமான சொற்செயலியில் தட்டெழுதி அச்சகத்திடம் கொடுத்தேன். அங்கிருந்த கணினியில் என் எழுத்துருக்கள் இல்லை. பழைய குறியீட்டு முறையிலிருந்த தமிழ், பொருளற்ற குறிகளாயிற்று. அரபு எழுத்துகளின் ஹரகத்துகள் பக்கத்து எழுத்தின் மீது போய் அமர்ந்தன. மும்முறை திருத்தியும் ஓர் எடுத்துக்காட்டில் ஃபாயிலுக்குரிய ரஃப்உக் குறி மஃப்ஊலின் மீது நின்றுவிட்டது. அடித்தவன் அடிபட்டவனானான்! கதைப்புத்தகத்தில் இது சிறு பிழை. இலக்கண நூலில் பாடமே கவிழ்ந்துவிடுகிறது. எளிய உரைக்கோப்பிலிருந்து நூலைக் கோக்கும் டெக் என்னும் மென்பொருளின் பக்கம் என் கவனம் திரும்பியது இந்த அனுபவத்தாலேயே.

டெக்கின் பிறப்பிலும் இதே போன்றதொரு மனக்குறை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் க்னூத், 1977இல் தம் நூலின் இரண்டாம் தொகுதிக்கான புதிய பதிப்பின் அச்சுப்படிகளைக் கண்டு அதிருப்தியுற்றார். தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கத் துணிந்து, 1978இல் அதன் முதல் வடிவத்தைத் தந்தார். பின்னர் 1980களில் லெஸ்லி லம்போர்ட் அதன்மீது லேடெக்கை அமைத்தார். இம்முறையில் ஆசிரியர் ‘இது தலைப்பு’, ‘இது மேற்கோள்’, ‘இது அடிக்குறிப்பு’ என்று பொருளை மட்டும் குறிக்கிறார். தோற்றத்திற்கான விதிகள் தனியே நிற்கின்றன. ஆலிம் வேறு, கத்தாத் வேறு என்றிருந்த பழைய பணிப்பகிர்வையே இது நினைவூட்டுகிறது.

இதன் முதன்மையான பயன் அழகன்று, அமானிதம். எளிய உரைக்கோப்பை எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். நேற்றைய வடிவையும் இன்றைய வடிவையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறிய இடங்களைக் கணினியே காட்டிவிடும். முகாபலாவுக்கு இதைவிட உகந்த துணை வேறு எது?

எனினும் அரபுக்கு இக்கருவி எளிதில் இணங்கிவிடவில்லை. வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்தைக் கையாளும் வழியை க்னூத்தும் மெக்கேயும் 1987இல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தனர். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த கிளாஸ் லகாலி, அரப்டெக்கை உருவாக்கினார். அதில் அரபியை இலத்தீன் எழுத்துகளில் இடமிருந்து வலமாகத் தட்டெழுத வேண்டும்! நமக்கு இது உறுத்தலாகவே தோன்றும். ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. உயிர்க்குறிகளை அறிந்து எழுதினால், ஒரே மூலத்திலிருந்து முழு ஹரகத்துடனும், ஹரகத்து இன்றியும், ஒலிபெயர்ப்பாகவும் அச்சிட முடியும். நஹ்வு அறியாதவர் இங்கே சரியாகத் தட்டெழுத இயலாது என்பது என் பார்வையில் குறையன்று, சிறப்பு.

உண்மையான குறை அடித்தளத்தில் உள்ளது. டெக்கின் கணக்கில் எழுத்து என்பது ஒரு பெட்டி. வரியை நிறைக்க நீள்வதும் சுருங்குவதும் பெட்டிகளுக்கிடையேயான வெளி. அரபுக் கத்தாத்தோ வெளியை மட்டும் நம்புவதில்லை. எழுத்தையே நீட்டுவார், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார், மாற்று வடிவம் தேர்வார். ஜோனதன் க்யூ 2004இல் வெளியிட்ட ஸீடெக்கினால் யூனிகோடு அரபியை நேரடியாக உள்ளிட வழி பிறந்தது. எகிப்தின் காலித் ஹுஸ்னி, பூலாக் அச்சகத்தின் நஸ்க் எழுத்தைப் பின்பற்றி அமீரி எழுத்துருவை ஆக்கி இலவசமாக அளித்தார். பக்கம் பொலிவு பெற்றது. எனினும் வரியைச் சமன்செய்யும் பணி இன்றும் பெரும்பாலும் வெளியின் தலையிலேயே விழுகிறது. இஸ்லாமியத் தத்துவப் பேராசிரியர் இத்ரீஸ் சமாவி ஹாமித், லுவாடெக் வளர்ச்சியோடு இணைந்து எழுத்தையே நெகிழச் செய்யும் ஆய்வில் ஈடுபட்டது இக்காரணத்தாலேயே.

இன்னொரு குறையும் உண்டு. நம் பாடநூல்களின் கல்லச்சுப் பக்கத்தை எண்ணிப் பாருங்கள்: நடுவே மத்ன், அதனை அணைத்து ஷரஹ், ஓரத்தில் சாய்ந்தும் வளைந்தும் ஓடும் ஹாஷியா. பாடபேதங்களையும் பல அடுக்கு அடிக்குறிப்புகளையும் எட்மாக்கும் அதன் வழிவந்த நிரல்களும் திறம்படக் கையாளுகின்றன. ஆனால் அவற்றின் உலகில் உரை என்பது பக்கத்தின் அடியில் வாழ்வது. மத்னைச் சூழ்ந்து நின்று அதனோடு உரையாடுவதன்று. இது தோற்றக் குறை மட்டுமன்று. ஒரு கல்விமுறையே அப்பக்க அமைப்பில் பொதிந்திருக்கிறது.

கற்பதற்குக் கடினம் என்ற குறைகூறலையும் மறுப்பதற்கில்லை. ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் பக்கமே வராது. பிழைச்செய்தி புதிரைப்போல் இருக்கும். ஆனால் ஸர்ஃபின் வாய்பாடுகளை மனனம் செய்த மாணவருக்கு இது பெரிய சுமையாகாது என்பது என் துணிபு.

இக்கருவிகளை ஆக்கியோரைப் பாருங்கள். எட்மாக்கை அமைத்தவருள் ஒருவரான டொமினிக் வுஜாஸ்டிக் சமஸ்கிருத அறிஞர். ஸீடெக்கிற்கான அரபு நிரலை எழுதிய ஃபிரான்சுவா ஷாரெத் இஸ்லாமிய அறிவியல் வரலாற்றாசிரியர். தம் நூல்களுக்குத் தேவைப்பட்டதை அறிஞர்கள் தாமே ஆக்கிக்கொண்டனர். அரபியின் எழுத்துகளோடு தமிழ் ஒலிகளுக்கான கூடுதல் குறிகளையும் கொண்ட நம் அரபுத்தமிழ் ஏடுகளுக்கு அப்பணியை யார் செய்வது? அவற்றின் ஹாஷியாவைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவருகின்றனர். முகாபலா செய்ய ஆள் இருக்கும்போதே கருவியைக் கையிலெடுப்பதுதான் விவேகம்.