பழைய படமும் இளைய அவையும்: 'டர்ட்டி டான்சிங்' பற்றிய ஓர் ஆய்வு

தோற்றுவாய்

தாம் இளமையில் கண்டு மகிழ்ந்த கலைப்படைப்பு ஒன்றைத் தம் மக்கட்குக் காட்ட விழையும் பெற்றோர்க்கு, அஃது இவர்க்கு ஏற்குமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. பழைய இலக்கியத்தைப் பாடமாக வைப்போர் உள்ளத்தே எழும் வினாவும் இதுவே. அவ்வினாவை ஒரு திரைப்படத்தின்மேல் வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொண்டது, 1987-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவில் வெளிவந்த 'டர்ட்டி டான்சிங்' என்னும் நாட்டியப் படம். இதன் கதையை எழுதியவர் எலினோர் பெர்க்ஸ்டீன். இயக்கியவர் எமில் ஆர்டொலினோ. ஆடல்களை அமைத்தவர் கென்னி ஒர்டேகா. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் இதனைக் காத்தற்குரிய படங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்தது. ஆகவே இது நிலைபெற்ற படைப்பு என்பதில் ஐயமில்லை. இன்றைய இளைஞர்க்கு ஏற்புடையதா என்பதே வினா.

இவ்வினாவிற்கு இருவகை விடைகள் எளிதிற் கிடைக்கின்றன. 'நாங்கள் கண்டோம், கெட்டுவிடவில்லை, அவர்களும் காணட்டும்' என்பது ஒன்று. தகாத காட்சிகள் இத்தனை, தகாத சொற்கள் இத்தனை எனக் கணக்கெடுத்து முடிவு கூறுவது மற்றொன்று. முன்னது தன் இளமையின் மீதுள்ள பற்றினைப் படத்தின் தகுதியாகக் கொள்கின்றது. பின்னது உறுப்புக்களை எண்ணி உயிரை மறக்கின்றது. இவ்விரண்டினும் நாம் அமைதி காண்டல் இயலாது.

கதைப்போக்கு

நியூயார்க்கு மாநிலத்துக் கேட்ஸ்கில் மலையில், 1963-ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் கதை நிகழ்கின்றது. யூதக் குடும்பங்கள் கோடைதோறும் சென்று தங்கிய விடுதிகள் அக்காலத்தே அம்மலைப் பகுதியில் மிகுதியாக இருந்தன. அவற்றுள் ஒன்றாகக் கற்பனை செய்யப்பட்ட கெல்லர்மன் விடுதிக்கு மருத்துவர் ஹவுஸ்மன் தம் மனைவியோடும் மகளிர் இருவரோடும் வருகின்றார். இளைய மகள் பள்ளிப்படிப்பை முடித்து மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியிற் சேர இருப்பவள். அவளை அனைவரும் 'பேபி' என்றே அழைக்கின்றனர்.

விடுதியில் ஊழியர் இருவகையினர். உணவு பரிமாறுவோர் பெரிய பல்கலைக்கழகங்களிற் பயிலும் மாணவர். விருந்தினரின் பெண்களோடு இனிது பழகுமாறு விடுதியின் தலைவரே அவர்களை ஏவுகின்றார். ஆடல் கற்பிப்போரோ உழைக்கும் வகுப்பினர். கற்பித்தலோடு நின்றுவிட வேண்டும் என்பது அவர்கட்கு இட்ட கட்டளை. இப்பிரிவினையே கதைக்கு வித்து.

ஆடற்பெண் பென்னி, பரிமாறும் மாணவனாகிய ராபியால் கருவுறுகின்றாள். மருத்துவம் பயிலும் அவனோ சிறிதும் பொறுப்பேற்க மறுக்கின்றான். கருவைக் கலைக்க வேண்டிய 250 டாலரைப் பேபி தன் தந்தையிடம் காரணம் கூறாது பெற்றுத் தருகின்றாள். குறித்த நாளிலேயே வேறொரு விடுதியில் ஆடல் நிகழ்ச்சி இருத்தலின், பென்னியின் இடத்தில் ஆடப் பேபி முன்வருகின்றாள். ஆடலாசிரியன் ஜானி அவளுக்கு மாம்போ ஆடலைக் கற்பிக்கின்றான். கருக்கலைப்போ தகுதியற்றவன் ஒருவனால் செய்யப்பட்டுப் பென்னியைச் சாவின் விளிம்பிற்குக் கொண்டு செல்கின்றது. பேபி தன் தந்தையை எழுப்பி அழைத்து வர, அவர் அவளைக் காக்கின்றார். இந்நிகழ்ச்சியின் பின்னரே ஜானியும் பேபியும் காதலராகின்றனர்.

மூன்று காலங்கள்

பழைய படைப்பொன்றை மதிப்பிடுவோர் மூன்று காலங்களைப் பிரித்தறிதல் வேண்டும். கதை நிகழும் காலம் ஒன்று. படைப்பு எழுந்த காலம் ஒன்று. காண்போர் காலம் ஒன்று. இப்படத்தின்கண் முதலிரண்டும் வெளிப்படையாகவே கலந்துள்ளன. தொடக்கத்தில் ஒலிக்கும் ரோனெட்ஸ் குழுவினரின் பாட்டு 1963-ஆம் ஆண்டிற்குரியது. இறுதியாடலுக்குரிய பாட்டோ படத்திற்கெனவே இயற்றப்பட்டு, சிறந்த திரைப்பாடலுக்குரிய ஆஸ்கார் பரிசினையும் பெற்றது. எனவே இது 1987-ஆம் ஆண்டு, 1963-ஆம் ஆண்டை நினைந்து பார்க்கும் படம் எனல் பொருந்தும்.

இந்நினைவின் நடுவே நிற்பது பென்னியின் துன்பம். 1963-இல் அமெரிக்க மாநிலங்களில் கருக்கலைப்புப் பொதுவாகக் குற்றமாக இருந்தது. நியூயார்க்கு 1970-ஆம் ஆண்டில் தன் சட்டத்தை மாற்றியது. 1973-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் 'ரோ எதிர் வேடு' வழக்கில் அதனை நாடு முழுவதற்கும் உரிய உரிமையாக்கிற்று. ஆகவே 1987-இல் இப்படத்தைக் கண்ட இளையோர், 'இஃது எங்கள் அன்னையர் காலத்துக் கொடுமை' என எண்ணியிருத்தல் கூடும். அவ்வெண்ணம் நிலையற்றது என உணர்ந்தே பெர்க்ஸ்டீன் இப்பகுதியை அமைத்தார் என்பது அவர்தம் பேட்டிகளால் விளங்கும். விளம்பர ஆதரவு தர வந்த நிறுவனம் ஒன்று இதனை நீக்குமாறு வேண்டியதையும், நீக்கினாற் கதையே நில்லாது எனத் தாம் மறுத்ததையும் அவர் கூறியுள்ளார்.

அவர் கூற்று உண்மை. பென்னிக்கு நேர்ந்தது இல்லையாயின் பேபி ஆடக் கற்கவேண்டுவதில்லை. தந்தையிடம் பொய்கூற வேண்டுவதில்லை. ஜானியின் குடிலுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஒரு நூலில் இடைச்செருகலை நீக்கினால் நூல் செம்மையுறும். முதுகெலும்பை நீக்கினால் நூலே வீழும்.

2022-ஆம் ஆண்டு சூன் 24-ஆம் நாள் அதே நீதிமன்றம் 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தள்ளியது. அதன்பின் பல மாநிலங்களில் கருக்கலைப்பு ஏறத்தாழ முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே 1987-இல் வரலாறாக இருந்த பகுதி, இன்று அம்மாநிலங்களில் வாழும் இளம்பெண்ணுக்கு நிகழ்காலமாயிற்று. படம் மாறவில்லை, காண்போர் காலம் மாறி, படத்தின் பொருளை மாற்றிவிட்டது.

சொல்லாது விட்ட சொல்

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. 'கருக்கலைப்பு' என்னும் சொல் இப்படத்தில் ஓரிடத்தும் வாய்விட்டுக் கூறப்படுவதில்லை. பணம், குறித்த நாள், வெளியூரிலிருந்து வரும் 'மருத்துவன்', தூய்மையற்ற கத்தி, மடக்கு மேசை ஆகிய குறிப்புக்களாலேயே செய்தி உணர்த்தப்படுகின்றது. அவ்வாறு மறைத்துப் பேசுதல் 1963-ஆம் ஆண்டினரின் வழக்கு. 1987-இல் கண்ட வளர்ந்தோர் அக்குறிப்பினை எளிதின் உணர்ந்தனர். ஆனால் பதின்மூன்று அகவைச் சிறுவரும் சிறுமியரும் பென்னி ஏதோ நோயுற்றாள் என்றளவில் அமைந்து விடுதல் கூடும். காட்சிகளை எண்ணுவோர் இதனைப் படத்தின் அடக்கம் எனப் பாராட்டலாம். நாம் அங்ஙனம் கருதவில்லை. குறிப்பு விளங்காதார்க்குப் பென்னியின் துன்பம் காரணமற்றதாகின்றது. காரணமற்ற துன்பம் படிப்பினை தாராது.

கதை முழுவதும் இம்மறைப்பின் விளைவையே பேசுகின்றது என்பது கருதத்தக்கது. மகளுக்குப் பணம் தருமுன் தந்தை, அது சட்டத்திற்கு மாறானதா என வினவுகின்றார். அவள் இல்லை என்கின்றாள். பின்னர் உண்மை தெரிந்தவழி அவர் சினந்து பேசாதிருக்கின்றார். அப்பொழுது அவள் அவர்முன் நின்று, தான் பொய்யுரைத்ததற்கு வருந்துகின்றாள். அதனோடு நில்லாது, அவரும் பொய்யுரைத்தாரெனச் சுட்டுகின்றாள். எல்லோர்க்கும் நேர்மை வேண்டுமெனக் கற்பித்த அவர், அவ்வெல்லோருள் ஆடலாசிரியனைச் சேர்க்கவில்லை என்பது அவள் வழக்கு. படத்தின் அறம் இக்காட்சியிலேயே உள்ளது. பெரியோர் இளையோர்க்கு எதனை அறிவித்தனர், எதனை மறைத்தனர் என்பதே இப்படம் எழுப்பும் வினா. இளையோர்க்கு இப்படம் ஏற்குமா என்று நாம் வினவுமுன்னரே, பெரியோரை நோக்கிப் படம் வினவிவிட்டது.

ஆடலும் பெயரும்

நாட்டியப் படம் என்ற வகையில் இதன் தகுதி யாது? ஆடல் இங்குக் கதைக்கு இடையே வரும் அணியன்று. கதை ஆடலாலேயே நடக்கின்றது. ஜானி முதற்கண் கற்பிப்பது அடவு மட்டுமன்று. தன் கைகளால் வரையறை காட்டி, ஆடுவோர் இருவர்க்கும் தத்தமக்குரிய இடம் உண்டு என்பதனையும் கற்பிக்கின்றான். ஒருவரையொருவர் தழுவியாடும் ஆடலிலும் எல்லை உண்டு என்னும் இப்பாடம், இன்றைய இளைஞர்க்கு அறிவுரையினும் நன்கு பதியும். குடிற்காட்சியில் ஆடுமாறு முதலில் கேட்பவளும் பேபியே. அங்கு வற்புறுத்தலில்லை.

அவளைத் தலைக்குமேல் உயர்த்தித் தாங்கும் நிலை மற்றொன்று. ஏரிநீரில் பயிலப்படும் அது, வேற்று விடுதியின் மேடையில் கைகூடவில்லை, இறுதியிலேயே கைகூடுகின்றது. உடல்வலியால் அன்று, நம்பிக்கையால் கைகூடுவது அது என்பதனைப் படம் சொற்களின்றி உணர்த்துகின்றது.

பெயர் பற்றியும் ஒரு சொல். 'பேபி' என்பது குழந்தை எனப் பொருள்படும். அவளுடைய இயற்பெயர் பிரான்சிஸ். அமெரிக்க அமைச்சரவையில் 1933-இல் இடம்பெற்ற முதற்பெண்மணி பிரான்சிஸ் பெர்கின்ஸ் நினைவாக இடப்பட்டது. இறுதியில் அவையோர்முன் ஜானி அவளை அவ்வியற்பெயரால் முழுமையாக அறிமுகம் செய்கின்றான். குழந்தை என்றழைத்த அவையே அவளை ஒரு பெண்ணாகக் காண நேர்கின்றது.

இதற்கு முன் அவள் செய்த செயல் தமிழ் மாணவர்க்கு அறத்தொடு நிற்றலை நினைவூட்டும். ஜானி திருடினான் எனப் பழி சுமத்தப்படுகின்றது. அவ்விரவு அவன் தன்னோடிருந்தான் எனத் தந்தை கேட்ப அவள் கூறிவிடுகின்றாள். களவு வெளிப்படுதல் இரண்டிற்கும் பொது. ஆயின் நம் மரபில் தோழி, செவிலி, நற்றாய் என முறையே செல்லும் செய்தியை இவள் ஒருத்தியே அவையில் வைக்கின்றாள்; அது கற்பொழுக்கத்திற் கொண்டு சேர்க்கும் என்னும் உறுதியும் அவட்கில்லை. உண்மை அவன் பழியை நீக்கியும், அவன் வேலையைப் போக்கிவிடுகின்றது. உண்மை கூறினார்க்கு உடனே பயன் கிட்டும் எனப் படம் பொய்யுறுதி தரவில்லை என்பது இதன் நேர்மை.

குறைகள்

குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. முதலாவது, அகவை. பேபி கல்லூரி புகாத இளம்பெண். ஜானி அவளினும் மூத்தவன், ஆசிரியனுமாவான். வேடம் தாங்கிய ஜெனிபர் கிரே 1960-இலும் பேட்ரிக் சுவேசி 1952-இலும் பிறந்தவர்கள். நடிகை தம் இருபதுகளில் இருந்தமையால் பாத்திரத்தின் இளமை கண்ணுக்குப் புலனாவதில்லை. செல்வமும் குலநிலையும் அவள் பக்கம் இருத்தலின் ஆற்றல் ஒருபாற் சாயவில்லை என வாதிடலாம். எனினும் இன்றைய இளையோர் இதனை வினவுதல் முறையே.

இரண்டாவது, பென்னி. பதினாறு அகவையில் இல்லத்தினின்று வெளியேற்றப்பட்ட அவள் கதை தனியே ஒரு படத்திற்குப் போதும். அவள் உயிர் பிழைத்தபின் கதை அவளைப் பெரிதும் மறந்துவிடுகின்றது. அவளைக் கைவிட்டவன் இழப்பதோ, மருத்துவர் தர இருந்த பணவுறை ஒன்றே. மூன்றாவது, ஊழியர் கூடத்தில் ஆடும் கறுப்பின மக்கள். அவ்வாடலின் உயிர்ப்பு அவர்களிடமிருந்து வந்தது. இசைக்குழுத் தலைவர் டிட்டோ ஒருவர்க்கே பெயருண்டு, ஏனையோர்க்குக் கதையில்லை. வாஷிங்டன் பேரணி நிகழ்ந்த அதே 1963-ஆம் ஆண்டின் வேனிலில், விடுதலைப் பயணம் பற்றிய செய்தி ஒருவன் வாயில் வந்து மறைகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் நாம் கொள்ளும் முடிபு இது. வெளிவந்த காலத்தில் இப்படத்திற்கு இடப்பட்ட தரம், பதின்மூன்று அகவைக்குட்பட்டார்க்குப் பெற்றோர் எச்சரிக்கை வேண்டும் என்பது. அத்தரப்பிரிவே 1984-ஆம் ஆண்டிலேதான் ஏற்பட்டது. அவ்வரையறை இன்றும் பொருந்தும். சிறு குழந்தைகட்கு இது உரியதன்று. பதின்பருவத்தினர்க்கோ இது வேண்டத்தக்கதே. ஆனால் வெட்டிக் குறைத்துக் காட்டலாகாது. தனித்துக் காணவும் விடலாகாது.

பழம்பாட்டொன்றின் அரும்பொருள் விளங்காதபோது நம் முன்னோர் பாட்டைத் திருத்தினாரல்லர், உரை எழுதினர். சொல் வழக்கிறந்ததாயின் பொருள் கூறினர். செய்தி மறைந்துநின்றதாயின் வருவித்து உரைத்தனர். தமக்கு உடன்பாடில்லாதவிடத்து மறுப்பும் எழுதினர். இப்படத்திற்கும் வேண்டுவது அத்தகைய உரையே. பென்னிக்கு நேர்ந்தது யாது, அன்றைய சட்டம் யாது, இன்றைய சட்டம் யாது என்பனவற்றை உடனிருந்து காணும் பெரியவர் ஒருவர் வெளிப்படையாக எடுத்துரைத்தல் வேண்டும். ஜானியின் அகவையைப் பற்றி மகள் வினவினால், காதற்கதை எனக் கூறி வாயடைத்தலாகாது.

அவ்வாறு பேச ஒருப்படாத பெற்றோர் இப்படத்தைக் காட்டாது விடுதலே நன்று. ஏனெனில், மகளின் வினாவுக்கு விடை கூறாத தந்தை ஒருவர் படத்தினுள்ளேயே இருக்கின்றார். கதையின் துன்பங்களுள் ஒரு பங்கு அவர் மௌனத்தால் நேர்ந்தது.