ஆரவாரமும் அறிவும்: தொலைக்காட்சிப் போட்டிகளிற் பார்வையாளர் இருக்கை

தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வினாக்களையும் பரிசுகளையும் நடத்துநரின் வாக்குவன்மையையுமே நோக்குவர். கலையகத்தில் அமர்ந்திருக்கும் பார்வையாளர் வெறும் பின்னணியாகவே கொள்ளப்படுவர். ஆயின், ஒரு நிகழ்ச்சி பொதுமக்களை எவ்வாறு மதிக்கிறது என்பதை அது அவர்களுக்கு அளிக்கும் இருக்கையிலேயே கண்டுகொள்ளலாம்.

அமெரிக்காவில் 1956 இல் தோன்றி, 1972 இல் சீ.பி.எஸ். நிறுவனத்தாற் புத்துருவாக்கப்பட்ட 'த பிறைஸ் இஸ் றைற்' இதற்குத் தக்க உதாரணமாகும். பண்டங்களின் விலையை ஊகிப்பதே இங்கு போட்டி. போட்டியாளர் பார்வையாளர் வரிசைகளிலிருந்தே பெயர் கூவி அழைக்கப்படுவர். ஒரு மணி நேர நிகழ்ச்சியில் ஒன்பது பேருக்கு அவ்வாய்ப்புக் கிட்டும். அழைப்புத் தற்செயலானது போலத் தோன்றினும், கலையகத்தினுள் நுழையுமுன்னரே தயாரிப்பாளர் வரிசையில் நிற்போருடன் சில கணம் உரையாடி, உற்சாகம் மிக்கோரைத் தெரிந்துவிடுகின்றனர். ஆதலின் அங்குள்ளோரின் துள்ளலும் கூச்சலும் ஒருவகை விண்ணப்பப் பத்திரமே எனலாம். அழைக்கப்படாதோரும் இறுதிவரை ஊதியமின்றி ஆரவாரிக்கின்றனர். (அவ்வாரவாரம் இல்லையெனில் எஞ்சுவது விளம்பரக்காரரின் விலைப்பட்டியலன்றி வேறென்ன?)

எனினும் இக்கூச்சலை முற்றாக இகழ்ந்துவிடுதல் நியாயமன்று. மேடையில் நிற்பவர் தயங்கித் திரும்பிப் பார்க்க, முன்பின் அறியாத பலர் தமக்குத் தோன்றும் விலையை உரத்துக் கூறி உதவுகின்றனர். விதிகளும் இதனைத் தடுப்பதில்லை. ஆனால் 2008 இல் ஒரு போட்டியாளர் இறுதிச் சுற்றில் 23,743 டொலர் எனச் சிறிதும் பிசகாது கூறியபோது நிலைமை மாறிற்று. ஒளிப்பதிவு இடைநிறுத்தப்பட்டது. மோசடியோ என ஐயுற்ற நடத்துநர் ட்றூ கேரி, அவ்வரிய வெற்றியை மகிழ்ச்சியின்றியே அறிவித்தார். விலைகளைப் பல்லாண்டுகளாக மனனஞ் செய்திருந்த பார்வையாளர் ஒருவர், அத்தொகையைத் தாமே கூறியதாகப் பின்னர் உரைத்தார். வென்றவரோ அது தமது கணிப்பே என்றார். யார் கூற்று மெய்யாயினும், பார்வையாளர் குரல் ஓசையாக இருக்கும்வரை வரவேற்கப்படுகிறது, அறிவாக மாறியதும் ஐயத்துக்குள்ளாகிறது என்பது இங்கு தெளிவாகின்றது.

பிரித்தானியாவில் 1998 இல் ஆரம்பமான 'ஹூ வோன்ற்ஸ் ரு பி ஏ மில்லியனயர்' இதற்கு நேர்மாறானது. போட்டியாளரைச் சூழ்ந்து இருளில் அமர்ந்திருப்போர் வாய்திறத்தலாகாது. போட்டியாளர் ஒருமுறை அவர்களது உதவியை நாடலாம். அப்போது ஒவ்வொருவரும் நான்கு பொத்தான்களுள் ஒன்றை அழுத்த, விடைகள் நூற்றுவீதமாகத் திரையில் தோன்றும். இங்கு பார்வையாளர் அறிவுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் முகமில்லை, குரலில்லை. 2001 இல் ஓர் இராணுவ மேஜர் பத்து இலட்சம் பவுணை வென்றபோது, தமது முறைக்காகக் காத்திருந்த மற்றொரு போட்டியாளரின் இருக்கையிலிருந்து எழுந்த இருமல் விடைக்குறிப்பெனக் குற்றஞ்சாட்டப்பட்டது. அவர்கள் மறுத்தனர், 2003 இல் நீதிமன்றம், மேஜரின் மனைவி உட்பட மூவரையும் குற்றவாளிகளெனத் தீர்த்தது. மௌனத்தை விதியாக்கிய அரங்கில் இருமலும் ஒரு பேச்சாகிவிடுகிறது.

இவ்விரண்டனுள் அமெரிக்க நிகழ்ச்சியே மனிதத் தொடர்பு மிகுந்தது. அதனாலேயே அதன் ஐயம் மேலும் உறுத்துகின்றது. பெருந்தொற்றுக் காரணமாக 2020 இல் அது பார்வையாளரின்றி ஒளிப்பதிவு செய்யப்பட்டது. போட்டியாளர் முன்கூட்டியே தெரிவாயினர். பண்டங்களும் பரிசுகளும் இருந்தன. விலை கூறுமுன் திரும்பிப் பார்ப்பதற்கு மட்டும் பின்னால் எவருமிருக்கவில்லை.